அலுமாரியின் மேல் வாக்கர்

2025 ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று மாலை வகுப்பிலிருந்து வேறு யாருடைய குடையையோ எடுத்து வந்துவிட்டேன். என்னுடையதும் கறுப்புதான், ஆனால் பிடியில் நூல் கட்டியிருக்கும். கண்டியில் பஸ் ஏறும்போது பார்க்கவில்லை, கடுகண்ணாவையில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். சின்ன விஷயங்களில் நான் இப்படித் தவறுவதுண்டு. அதனால்தான் எழுதி வைக்கிறேன். பெரியப்பா விஷயத்தில் தவறினேனா என்பதையும் இன்று எழுதிப் பார்க்கிறேன்.

வகுப்புக்காகத்தான் பெரியப்பா பொன்னையா வீட்டில் தங்கினேன். ஒரு நாள் நான் வகுப்பில் இருந்தபோது அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒபரேசன் நன்றாக முடிந்தது. அவருடைய மகள் கலாராணி அக்கா டுபாயிலிருந்து பேசினாள்: "இன்னொரு தடவ விழுந்தாருன்னா கிளாஸ நிப்பாட்டிட்டு வீட்டுலயே இரு. உன்ன நம்பித்தான் அவர விட்டுருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை.

வார்ட்டில் பிசியோ மிஸ், பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கரைக் கொடுத்து, தினமும் நடத்தச் சொன்னார். "விழுந்துருவாருன்னு பயந்து படுக்க வச்சிறாதீங்க தங்கச்சி. வயசானவங்க படுத்தே கிடந்தா சதை கரைஞ்சிரும், நெஞ்சில சளி கட்டும்." எனக்கு நன்றாகவே புரிந்தது.

முதலில் நடத்தினேன். வாசல்வரை போய் நின்று, "பல்லேகலையில கிரிக்கெட் மெச் ஆட என்னையக் கூப்புடுவாங்க போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பயமுறுத்தியது. நான் வகுப்பில் இருக்கும்போதும் இவர் எழுந்து நடப்பார்.

வாக்கரை அலுமாரியின் மேல் ஏற்றினேன். வகுப்புள்ள நாட்களில் மட்டும் என்று நினைத்தேன். பிறகு இறக்கவில்லை. மத்தியானத்துக்குப் பின் தண்ணீரையும் தேத்தண்ணியையும் குறைத்தேன். குடித்தால் எழுந்து குளியலறைக்குப் போக நினைப்பார். "ஒரு வாய் தண்ணி குடு கண்ணு" என்பார். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். "அதக் கொஞ்சம் எறக்கிக் குடேன்" என்று மேலே காட்டுவார். "டொக்டர் வேணாம்னுட்டாரு பெரியப்பா" என்பேன். டொக்டர் சொன்னால் அவர் மறுத்துப் பேச மாட்டார்.

பார்க்க வந்தவர்கள் அப்பிளையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு என்னைப் புகழ்ந்தார்கள். நடக்க வைத்திருந்தால் கிழவனை வதைக்கிறாள் என்றிருப்பார்கள். பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா, "கால் தரையில படாம ராசாவாட்டம் வச்சிருக்கா. பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது" என்றாள். வீடியோ கோலில் கலாராணி அக்காவுக்கு அவர் முகத்தை மட்டும் காட்டி, "நல்லா நடக்குறாரு" என்றேன்.

கால்கள் குச்சியாயின. முதுகில் புண் வந்தது. பிறகு இருமல். சளியை வெளியே தள்ள அவருக்குப் பலமில்லை. நியூமோனியா என்றார்கள். வயதானவர்களுக்கு ஒபரேசனுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு என்று டொக்டர் என்னைத் தேற்றினார். நான் தலையாட்டினேன். போன மாதம் அடக்கம் செய்தோம்.

நடந்திருந்தால் பெரியப்பா இருந்திருப்பார். நடக்க விடாதது நான். ஆனாலும் ஒபரேசனுக்குப் பிறகு அவர் ஒருமுறைகூட விழவில்லை. நான் ஒரு வகுப்பும் தவறவில்லை.

இப்போது அழகம்மா அக்காவின் மாமியார் மூக்காயிக்கும் இடுப்பில் ஒபரேசன். அக்கா வேலைக்குப் போகிறவள். "உன் கையில விட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். சரி என்றேன்.

நாளை: காலையில் மூக்காயியை வார்ட்டிலிருந்து கூட்டி வர வேண்டும். அங்கே அவருக்குக் கொடுக்கும் வாக்கரை அழகம்மா அக்கா வீட்டு அலுமாரியின் மேல் வைக்க வேண்டும். மாலையில் குடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.