ஒற்றையாளாய் ஃப்ரேம் தூக்கிய மாஸ்டர்

மேடையில் வீற்றிருக்கும் பழைய கார் உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டர் வீட்டு அண்ணி அவர்களே, கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே, கழுவாமலே வந்து வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாஸ்டரைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அவர் கண்மூடிய மறுநாளே உரையை எழுதி, கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்துவிட்டேன். எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தேன். நேற்று மதியம் அதைத் தையல் மெஷினில் வழிந்த எண்ணெயைத் துடைக்கப் பயன்படுத்திவிட்டேன். ஆகவே இன்று பேசப்போவது கோடு போடாத பேச்சு.

என்னைத் தெரியாதவர்களுக்காக: மடக்குக் கூரை வண்டியின் கூரைக்குள் இரும்பில் ஓர் எலும்புக்கூடு இருக்கும், ஃப்ரேம் என்போம். அது மாஸ்டருடையது. அதன்மேல் போர்த்தும் கேன்வாஸ் என்னுடையது. ஒரே பட்டறை, ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி. மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் வாடிக்கையாளரிடம் அவர் என் தையலைக் காட்டுவார், நான் அவர் இரும்பைக் காட்டுவேன். என்னை அவர் ‘ஊசி’ என்பார். என் உருவத்தைப் பார்க்கிறீர்கள். அது கிண்டல் என்று விளக்க வேண்டியதில்லை.

கைவேலையில் அவருக்கு நிகர் யார்? ஃப்ரேமைக் கழற்றும் முன் கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஊசிமுனையால் கோடு கீறுவார். கீலுக்கு அடியில் இருக்கும் தகட்டுத் துண்டுகளை இடது வேறு, வலது வேறாகக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார். எதற்கு? அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்ததே இல்லை. பிறகு ஃப்ரேமைப் பாதி மடக்கி, கயிற்றால் கட்டி, வண்டியிலிருந்து தூக்கி எடுப்பார். அதுவும் எப்படி? தனியாளாக.

ஊர் உலகத்தில் எல்லாப் பட்டறையிலும் இரண்டு பேர் தூக்குவார்கள். ஒருவர் இடது கீல், ஒருவர் வலது கீல். ஒரு பக்கம் சரிந்தால் இரும்பு விலா எலும்புகளெல்லாம் முதலை வாய்போல் மூடிக்கொள்ளும். மாஸ்டர் மட்டும் ஒற்றையாள். அதற்காகத்தானே இந்தச் சங்கம் அவருக்கு ‘ஒற்றையாள் வேந்தர்’ என்று பட்டம் கொடுத்தது? அந்தப் பாராட்டுப் பத்திரத்தை எழுதியவன் யார்? அடியேன். ‘ஓர் உடலில் இரு தோள் அல்ல, நான்கு தோள்’ என்று எழுதினேன். கணக்கு சரிதான் என்று நேற்றுதான் தெரிந்தது.

அவர் தூக்கியதை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டி முடித்ததும், “டேய் ஊசி, பழுப்பு நூல் தீந்துபோச்சு பாரு. பெரிய கடைக்கே போ, இங்க இருக்கறவன் சாயம் போற நூலக் குடுப்பான்” என்பார். போவேன். திரும்பி வரும்போது ஃப்ரேம் சுவரோரம் நிற்கும், மாஸ்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பட்டறையில் இன்று இருக்கும் பழுப்பு நூலால் இந்த மண்டபத்தையே தைத்து மூடலாம்.

இனி எதிர்ப்பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் தகரம் தட்டி நிமிர்த்தும் டிங்கர் இருக்கிறாரே, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் என் மச்சான். என் வீட்டுக்காரியின் உடன்பிறந்த அண்ணன். ஒரு பச்சை வண்டி விஷயத்தில் அவருக்கும் மாஸ்டருக்கும் தகராறு. கூரையை இழுத்து மூடினால் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. “டிங்கர் பாடிய கோணலா நிமித்திட்டான்” என்றார் மாஸ்டர். “அவரு ஃப்ரேம கோணலா மாட்டிட்டாரு” என்றார் மச்சான். வண்டிக்காரர் முன்னாலேயே வார்த்தை தடித்துவிட்டது.

நான் யார் பக்கம் நிற்பது? மாஸ்டர் பக்கம் நின்றேன். சும்மா நின்றேனா? மச்சானோடு பேச்சை நிறுத்தினேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் நடக்கும் ஓரத்தில் நடப்பதில்லை என்பதற்காக வெயில் ஓரத்திலேயே நடந்து கறுத்தேன். வீட்டுக்காரியிடம், “உங்கண்ணன் வீட்டுப் படிய மிதிச்சா நம்ம வீட்டுப் படிய மறந்துடு” என்று வசனமெல்லாம் பேசினேன். பத்து வருஷத்துக்கு மேல். மாஸ்டரின் மானம் என் மானம் என்று இருந்தேன்.

இப்போது நேற்றைய கதை. பல் டாக்டரம்மா இங்கே வந்திருக்கிறார். அவருடைய மஞ்சள் வண்டிதான் மாஸ்டர் கை வைத்த கடைசி வண்டி. ஃப்ரேமைக் கழற்றி, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி வைத்துவிட்டுப் போய்விட்டார். கேன்வாஸ் தயார். ஃப்ரேமை மாட்டினால் வண்டி போகும். மாட்டாவிட்டால் வண்டி வேறு பட்டறைக்குப் போகும், அதோடு ‘மாஸ்டர் போனதும் பட்டறையும் போச்சு’ என்ற பேச்சும் சேர்ந்து கிளம்பும். அவருக்கு அஞ்சலியாக இருக்கட்டும் என்று நானும் ஒற்றையாளாகத் தூக்கினேன்.

ஒரு கீல் வண்டிக்குள் போனது. மறு கீல் என் சட்டைக்குள் போனது. கயிறு நழுவி, பின் சீட்டின்மேல் நான் மல்லாந்து, என்மேல் ஃப்ரேம். குடைக்குள் மாட்டிய பல்லிபோல் கிடந்தேன். தெருவைத் தாண்டி யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“மாப்ளே, அசையாதீங்க. அசைஞ்சா வெரல் போயிடும்.”

மச்சான். பதில் பேசக்கூடாது என்பது என் கொள்கை. விரலை எண்ணிப்பார்த்துக்கொண்டு, “ம்” என்றேன்.

“நான் எடது பக்கம். எப்பவும் நான் எடதுதான். நீங்க வலது கீலப் பிடிச்சு மெதுவா எந்திரிங்க.”

எழுந்தேன். ஃப்ரேம் பூப்போல் போய் உட்கார்ந்தது. கம்பியில் தொங்கிய தகடுகளில் எது இடது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கையை நீட்டினார், எடுத்தார், செருகினார்.

“எப்பவும்னா?” என்றேன்.

“போல்ட்ட வெரலால மாட்டுங்க, முறுக்கிடாதீங்க. வண்டி தரையில நின்னு, கதவுக் கண்ணாடி ஏத்தி, கூரைய முன்னாடி பூட்டினப்பறந்தான் முறுக்கணும்.”

“அது எனக்குத் தெரியும்.” தெரியாது. “எப்பவும்னா என்ன மச்சான்?”

அவர் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “மாஸ்டர் உங்ககிட்ட சொல்லலியா? அந்தப் பச்சை வண்டி முடிஞ்ச மறுவாரமே வந்துட்டாரு. ‘தப்பு என்னுதுய்யா. வண்டி ஜாக்கியில நிக்கையிலயே போல்ட்ட முறுக்கிட்டேன். கூரையில்லாத வண்டி, நடுவுல தொஞ்சிருக்கு, எறக்கினதும் நிமிந்துடுச்சு’ன்னாரு. அன்னைக்கே ராசி. அதுலேர்ந்து ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நாந்தான் எடது.”

“நான்?”

“நீங்க நூல் வாங்கப் போயிருப்பீங்க.”

தோழர்களே, எனக்கு இதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை. ஆனாலும் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? “‘சொல்லிடுங்க’ன்னு அவருகிட்ட சொல்லிட்டேதான் இருந்தேன். ‘ஊசி எனக்காக ரொம்பக் குதிச்சுட்டான்யா, இப்ப சொன்னா அவன் மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான், அடுத்த மாசம் சொல்லிக்கலாம்’பாரு.” எந்த வருஷத்து அடுத்த மாசம் என்பதை மாஸ்டர் சொல்லாமலே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் கொட்டினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“இவ்ளோ நாள் உங்கண்ணன் வீட்டுக்குப் போகாம இருந்தியே, உனக்குப் பண்ணின துரோகமில்லையா இது?”

“நான் போகலன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க நூலுக்குக் கெளம்பினதும் மாஸ்டர் போன் பண்ணுவாரே.”

அண்ணி, நீங்களும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வதைப் பார்க்கிறேன். அழுகையா அது? உங்களுக்கும் தெரியும். தெருவில் பஞ்சர் ஒட்டுபவருக்கும் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான், அவனைத்தான் இரங்கல் உரைக்கு அழைத்திருக்கிறீர்கள்.

என் முகத்தைக் காப்பாற்றவே மறைத்தார் என்கிறார்கள். என் முகத்தை என்னிடமே கேட்டிருக்கலாமே? ஒரு நாள் திட்டியிருப்பேன், இரண்டு நாள் பட்டறைக்கு வராமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் மூன்று பேரும் ஒன்றாகத் தூக்கியிருப்போம். ஒரு கல்யாணச் சாப்பாடாவது எனக்குக் கிடைத்திருக்கும். அவர் பெருந்தன்மையானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையில் எனக்குப் பங்கு வரவில்லை, அவ்வளவுதான். நல்லவர்மேல் வரும் கோபத்தை எங்கே போய்த் தீர்ப்பது? சண்டை போட ஆள் இல்லையே.

அவர் விட்ட வேலையை நாங்கள் தொடர்வோம், இது உறுதி. டாக்டரம்மா, உங்கள் வண்டி தரையில்தான் நிற்கிறது. நாளை கூரையைப் பூட்டி, போல்ட்டை முறுக்கி, கேன்வாஸைப் போர்த்துகிறோம். தலைவர் அவர்களே, அந்தப் பட்டத்தையும் பாராட்டுப் பத்திரத்தையும் திரும்பப் பெற வேண்டாம். எழுத்துப் பிழையாக நினைத்து விட்டுவிடுங்கள்.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று செயலாளர் சீட்டுக் காட்டுகிறார். நீங்கள் எழுந்து நின்று முறைப்படி செலுத்துங்கள். அவருக்காக நான் காத்த மௌனம் வருஷக்கணக்கில் கையிருப்பில் இருக்கிறது, அதிலிருந்து இரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம். மச்சான், எழுந்து வாங்க. வாசலில் நின்று கொஞ்சம் பேசிக்கொண்டிருப்போம்.