மஞ்சள் வயர்

இந்த அறையில் மின்விசிறி லேசாக ஆடுகிறது, கவனித்தீர்களா. மேலே ஒரு வாஷர் தேய்ந்திருக்கும். ஏணி கிடைத்தால் நானே சரிபண்ணிவிடுவேன். கெட்டுப்போன சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வராது. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். அவள் தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட நான் முதலில் நலம் விசாரிப்பது அங்கே ஒழுகும் குழாயைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு உங்கள் குழு கூடி எங்கள் அணி மாணவி ஒருத்தியைப் படிப்பிலிருந்து நீக்கப்போகிறது. ரோபோவின் அவசர நிறுத்தப் பொத்தானை வேலை செய்யாமல் ஆக்கி, கூடப் படிக்கும் பையனின் கை நசுங்கக் காரணமானவள் என்று. அவளும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாள். அது அவள் செய்தது இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் அந்த அணியின் பயிற்சி ஆசிரியர். நேற்று அவள் அம்மா என் வீட்டுக்கு வந்துபோனார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரோபோப் போட்டியின் விதிகளைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ரோபோ என்பது ஒரு வண்டி, அது தானாக ஓட வேண்டும். ரிமோட் கிடையாது, பின்னால் இருந்து யாரும் தள்ளக் கூடாது. ஒரு பெட்டியை இரும்புக் கரத்தில் தூக்கிக்கொண்டு, வளைவுகளைக் கடந்து, ஒரு மரச் சரிவில் ஏறி இறங்கி, கறுப்புக் கோட்டில் போய் நிற்க வேண்டும். அங்கே ஒரு மாணவர் முட்டிபோட்டுப் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஓட்டம். எங்கள் வண்டி ஒரு சிமெண்ட் மூட்டை கனம் இருந்தது.

காலையில் பரிசோதனை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு மரச்சட்டத்துக்குள் வண்டியை நுழைப்பார்கள். ஒரு திருகின் தலை சட்டத்தில் உரசினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு வண்டியை ஓடவிட்டு, அதன் மேலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். சக்கரம் அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பொத்தான் கணினியைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே அறுக்க வேண்டும். நல்ல விதி. பைத்தியம் பிடிப்பதே கணினிக்குத்தான் என்னும்போது அதனிடம் போய் அனுமதி கேட்க முடியுமா. இதை வருஷா வருஷம் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று பெயரும் உண்டு.

இன்னும் இரண்டு விதிகள். ஓட்டம் தொடங்கிய பிறகு வண்டியில் கை பட்டால் அந்த ஓட்டத்துக்குப் பூஜ்யம். சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அப்படியே. அடுத்தது, ஆசிரியர்கள் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வண்டியில் மாணவர் கை மட்டுமே படலாம். இன்று வரை என்னைக் காப்பாற்றியது இந்தக் கடைசி விதிதான்.

எங்கள் அணியில் இருவர். பையனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி வேலை அவனுடையது. எந்நேரமும் பசி, எந்நேரமும் சிரிப்பு. பெண்ணுக்கு ஃபியூஸ் என்று பெயர் வைத்தது அவன்தான். ஒரு கிண்டல் அதிகமானால் பட்டென்று போய்விடுவாள், மறு நிமிடம் பழையபடி எரிவாள். வண்டியின் மின்வேலை முழுவதும் அவள் செய்தது. அவள் கட்டிய வயர்கள் வாரிப் பின்னிய தலைபோல இருக்கும். ஒரு முடி பிரிந்து நிற்காது.

முதல் ஓட்டத்தில் வண்டி சரிவின் பாதியில் செத்துப்போய் நின்றது. ஃபியூஸ் சீக்கிரமே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சரிவின் பலகைகள் அதிர்ந்ததில் சிவப்புப் பொத்தானுக்குள் தொடுப்பு ஒரு கணம் விட்டுப்போயிருக்கிறது. நடுவரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே திருகுகளை இறுக்கினாள். பிறகு கயிற்றருகே என்னிடம் வந்தாள்.

"சார், இறுக்கியிருக்கேன். ஆனா இதை நம்ப முடியாது. பட்டனையே மாத்திடலாம்."

"மாத்தினா மறுபடியும் பரிசோதனை. வரிசையைப் பாத்தியா? ரெண்டாவது ஓட்டம் போயிடும்."

"போனாப் போகுது சார். மூணாவது இருக்கே."

அவள் சொன்னது சரி. நானும் தலையாட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அணியின் ஆசிரியர் வந்து என் தோளில் தட்டினார். "என்ன சார், மேட்டுல ஏறாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா ஒரு கயிறு கட்டிவிட்டிருக்கலாமே" என்றார். அவருடைய மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். காது மட்டும் சுட்டது. ஃபியூஸிடம் திரும்பி, "இறுக்கியாச்சுல்ல, போதும். போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

பிள்ளைகளின் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போது அந்தக் கயிற்றுப் பேச்சுத்தான் முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் வேலையில் 'டைரக்ட் கொடுப்பது' என்று ஒரு வழக்கம். சுவிட்ச் மக்கர் பண்ணினால் அதை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நேராக இணைத்துவிடுவது. வீடு வீடாகப் பாருங்கள், தண்ணீர் மோட்டாரிலிருந்து அழைப்பு மணி வரை எங்காவது ஒன்று டைரக்டில் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்குச் செய்வோம், பிறகு மறந்துவிடுவோம். நம் ஆட்களுக்கு அது தப்பாகவே தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியாக இருந்தது. வாசலில் இருந்த காவலாளிக்கு என்னைத் தெரியும். கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனேன். சட்டைப் பையில் எப்போதும் துண்டு வயர் வைத்திருப்பேன். பொத்தானின் அடிமூடியைக் கழற்றி, இரண்டு திருகுகளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் வயரை வைத்து முறுக்கி, மூடிவிட்டேன். இனி தொடுப்பு விட்டாலும் மின்சாரம் விடாது. பொத்தானை அழுத்தினாலும் விடாது.

யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அழுத்தினால் பூஜ்யம், ஆகவே யாரும் அழுத்தப்போவதில்லை. யாரும் அழுத்தாத பொத்தான் வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி சரிவில் அழகாக ஏறி இறங்கியது. நான் கைதட்டினேன். பக்கத்து அணியின் ஆசிரியர் இருந்த பக்கமாகத் திரும்பி நின்று தட்டினேன். கறுப்புக் கோட்டின் மேல் ஜன்னல் வெயில் விழுந்து பளபளத்தது. வண்டியின் கண்ணுக்கு அந்த இடத்தில் கோடு தெரியவில்லை. நிற்காமல் போனது. நெட்டை சுவரோரமாக முட்டிபோட்டு, பெட்டியை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் கரம் அந்தக் கையைச் சுவரோடு வைத்து அழுத்தியது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

ஃபியூஸ்தான் முதலில் ஓடினாள். ஓட்டம் பூஜ்யமாவதைப் பற்றியெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

இதை மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அந்தப் பொத்தான் செத்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேட்டரியைப் பிடுங்கு என்று சொல்லியிருந்தால் போதும், அவள் கை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். பட்டன் வேலை செய்யாதென்று உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களே என்று தோன்றியது. நெட்டை கத்தி முடிப்பதற்குள்ளேயே எனக்கு அது தோன்றிவிட்டது. என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது.

"நல்லா அழுத்தும்மா" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். இன்னும் நன்றாக அழுத்தினால் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருப்பாள், சார் சொல்கிறாரே. கடைசியில் ஒரு நடுவர் வந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

நெட்டையின் வலது கையில் இப்போது கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் இருக்கின்றன. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான். மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது, "ஃபியூஸ் அப்படிப் பண்ணியிருக்கவே மாட்டா சார்" என்றான். "நாமளும் அப்படித்தான்டா நம்பினோம்" என்றேன்.

பொத்தானைத் திறந்து பார்த்தவர்கள் மஞ்சள் வயரைக் கண்டார்கள். காலையில் பரிசோதனையின்போது அது இல்லை. பிறகு அந்தத் திருகுகளைத் தொட்டது யார் என்று கேட்டார்கள். ஃபியூஸ் நடுவர் முன்னாலேயே தொட்டிருக்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை, ஆசிரியர் கைதான் படக் கூடாதே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தப் பழி தானாக அவளிடம் போகவில்லை, நான்தான் கைப்பிடித்து அழைத்துப்போய் விட்டேன்.

அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டுப் பேசினேன். குரலை உயர்த்தவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினேன்.

"நான் வயர் எதுவும் வைக்கல சார்."

"வச்சேன்னு நான் சொல்லலம்மா. இறுக்கின பிறகு டெஸ்ட் பண்ணியிருப்ப. டெஸ்டுக்கு ஒரு துண்டு வைக்கிறது வழக்கம்தானே. எடுக்க மறந்திருப்ப. யானைக்கும் அடி சறுக்கும்."

"மீட்டர் வச்சுத்தான் சார் பாத்தேன். வயர் வச்ச ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இருந்தா அது மறதியாம்மா?"

இது நியாயமான கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தில் பார்த்தேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கோபம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தேன். ஒரு முறை பட்டென்று எரிந்து விழுந்திருந்தால் நான் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. மேசை மேலிருந்த வயர்த் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அது மஞ்சள் வயரா?" என்று கேட்டாள். பொத்தானைத் திறந்தபோது அவள் நெட்டையோடு மருத்துவமனையில் இருந்தாள், வயரைப் பார்த்திருக்கவில்லை.

"மஞ்சள்தான்" என்றேன்.

"அப்ப நான்தான் சார். மஞ்சள் துண்டு ஒண்ணு அன்னைக்கு என் பெட்டியில இருந்துச்சு."

எல்லோர் பெட்டியிலும் மஞ்சள் வயர் இருக்கும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை. வயர் மஞ்சள்தான். யானைக்கு அடி சறுக்குவதும் உண்டு. இப்படி நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

நேற்று அவள் அம்மா வந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அம்மா துணி தைப்பவர். வந்த அவசரத்தில் புடவை முந்தானையில் இரண்டு ஊசிகள் குத்தியபடி இருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க பொண்ணால உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடுச்சு சார்" என்றார். "எத்தனை வருஷமா அவளுக்குப் பாத்துப் பாத்துச் சொல்லிக்குடுத்தீங்க."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"வீட்டுல எதையும் தொட மாட்டேங்கிறா சார். என் தையல் மிஷின் மக்கர் பண்ணா அவதான் பிரிச்சு மாட்டுவா. இப்ப ஊசி கோக்கக் கூப்பிட்டாக்கூட 'வேணாம்மா, என் கை சரியில்ல'ங்கிறா. லைட் சுவிட்சைக்கூட என்னையே போடச் சொல்றா. நான் வர்றவரைக்கும் இருட்டுலயே உக்காந்திருக்கா."

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா நான் அழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னா சார். அதுக்குத்தான் வந்தேன். சார் என்னை மன்னிச்சிட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வாம்மான்னா."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கம்மா. சின்னப் பொண்ணுதானே" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்வார்த்தைக்குச் சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள். மனது அப்படி லேசாகிவிட்டது. அந்த நேரத்தில் நான் அவளை நிஜமாகவே மன்னித்திருந்தேன்.