வண்டியில கோளாறு இல்ல

இல்ல மேடம், அன்னைக்கு நடுவழியில பஸ்ஸை நிறுத்தினப்போ வண்டியில ஒரு கோளாறும் இல்ல. கண்டக்டர் அப்படி எழுதிக் குடுத்திருந்தா அது அவரோட நல்ல மனசு. கோளாறு எனக்குத்தான்.

முதல்லேருந்து சொல்லணுமா? முதல்லேருந்துன்னா ரெண்டு வருஷம் பின்னாடி போகணுமே. சரி, உங்களுக்கு அவசரம் இல்லன்னா எனக்கென்ன.

எனக்கு இப்போ நாப்பத்தெட்டு. இந்த டிப்போவுல பஸ் ஓட்டற பொம்பளை நான் ஒருத்திதான், நீங்க புதுசா வந்தாலும் அது காதுல விழுந்திருக்கும். மாசாமாசம் அது எனக்கு டாண்ணு வந்துடும். ட்யூட்டி சார்ட் போடும்போதே அந்த நாளுக்குச் சின்ன ரூட்டாக் கேட்டு வாங்கிக்குவேன். அப்படி ஒழுங்கா இருந்தது, ஒரு தடவை வரல.

வரலன்னா புத்தி எங்க போகும்? இந்த வயசுல இன்னொரு புள்ளையான்னுதான். மருந்துக் கடைக்குப் போயி பாத்துக்கற அட்டை கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, பொண்ணுக்கா அக்கான்னாரு. ஆமான்னுட்டேன். எனக்குப் பொண்ணே கிடையாது, ரெண்டும் பசங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ஒரே ஒரு கோடு. எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். அட்டையை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒரு கோடுன்னா லைன் இருக்குன்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமான்னாரு. இல்லன்னு சொன்னதும் போயி ரெண்டு தட்டு சாப்பிட்டாரு பாருங்க. மனுஷன் அவ்வளவு நேரம் பயந்துட்டே இருந்திருக்காரு.

அடுத்த மாசம் ரெண்டு தடவை வந்துச்சு, விட்டதையும் சேத்து. அப்புறம் தள்ளிப் போச்சு. அப்புறம் வந்து, போக மனசில்லாம உக்காந்துக்கிச்சு. எங்க அக்காகிட்ட கேட்டேன். நிக்கப் போகுதுடி, நின்னா நிம்மதின்னா. எப்போ நிக்கும்னேன். அதுக்கா தோணும்போதுன்னா. அவ எப்பவுமே இப்படித்தான், சோறு வெந்துச்சான்னு கேட்டாலும் இதே பதில்தான்.

நடுவுல இந்தச் சூடு வேற. நெஞ்சுக்குள்ள கிளம்பி, கழுத்தெல்லாம் ஏறி, காது வழியா ஆவி வர்ற மாதிரி இருக்கும். நான் என்ஜின் சூடுன்னே நினைச்சேன் மேடம். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்க வச்சேன். கடைசியில அவர் கையைத் துடைச்சுக்கிட்டே, வண்டி ஜில்லுனு இருக்கும்மா, நீ போயி டாக்டரைப் பாருன்னாரு.

போனேன். லேடி டாக்டர்தான். ஸ்கேன் எடுத்தாங்க, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லன்னாங்க. முழுசா நிக்கறதுக்கு முன்னாடி சில பேருக்கு வருஷக்கணக்கா இப்படி இழுத்தடிக்கும், தள்ளிப் போகும், சேந்து வரும், சில சமயம் கொட்டும், ரொம்பக் கொட்டினா பல்லைக் கடிச்சுட்டு இருக்காம வந்துடுங்கன்னாங்க. ரத்தம் கம்மியா இருக்குன்னு இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாங்க. முப்பத்தஞ்சு வருஷமா பழகின ஒண்ணு, போறப்போ சொல்லிட்டுப் போக மாட்டேங்குதே டாக்டர்னேன். அவங்களுக்குச் சிரிப்பு வரல. அவங்களுக்கும் என் வயசுதான் இருக்கும்.

அந்தக் கடைசி மேஜைத் தம்பிங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போக மாட்டாங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். வேலையில பொறுப்பா இருக்காங்க, நல்லதுதான்.

அன்னைக்கு விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி நாலஞ்சு மாசமா ஒண்ணுமே இல்ல. தொலைஞ்சுது சனியன்னு, பையில எப்பவும் கிடக்கற நாப்கின் பாக்கெட்டை பாஸ் கவுன்டர் பொண்ணுகிட்ட தூக்கிக் குடுத்துட்டேன். குடுத்த அதே வாரம். ஆத்துப் பாலம் ஏறிட்டிருக்கேன், காலைக் கூட்டம், படிக்கட்டு வரைக்கும் ஜனம். அடிவயித்துல ஒரு இழுப்பு. அவ்வளவுதான், மடை திறந்துடுச்சு. சீட்டு நனையறது எனக்கே தெரியுது. முன்னாடி ஒரு மணல் லாரி நகராம நிக்குது. பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் கத்துது. கொஞ்ச நேரத்துல கண்ணுல பூச்சி பறக்குது, கை ஜில்லுனு ஆகுது.

மேடம், துணி பாழாகுதேன்னு நான் பயப்படல. ஸ்டியரிங் மேல சாஞ்சுட்டேன்னா இத்தனை பேரும் எங்க போயி விழுவாங்கன்னுதான். உதட்டைக் கடிச்சுக்கிட்டே இறக்கத்துல இறக்கி, பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துட்டேன்.

கடைசி ஸ்டாப் வரைக்கும் ஏன் ஓட்டலன்னு கேட்டிருக்காங்க. அங்க பாத்ரூம் இருக்கு, ஒத்துக்கறேன். அதோட சாவி டைம் கீப்பர்கிட்ட இருக்கு. டைம் கீப்பர் டீக்கடையில இருப்பாரு. எந்த டீக்கடைன்னு அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது.

கண்டக்டர் ஓடி வந்து, என்னக்கா பஞ்சரான்னாரு. இல்லப்பா. டீசல் இல்லையா? அதெல்லாம் இருக்கு, நான் இறங்கினதும் அந்த சீட்டுல ஒரு துணியைப் போடுன்னேன். அப்பதான் அவருக்குப் புரிஞ்சுது. அவருக்கும் மூணு அக்கா.

பங்க்ல பெட்ரோல் போடற பொண்ணு என் முகத்தைப் பாத்துச்சு. வரிசையில நின்ன வண்டிங்களை அப்படியே விட்டுட்டு, பாத்ரூமைத் திறந்து, தன் பையைக் கையில குடுத்துட்டு, சர்க்கரை போட்ட தண்ணியோட வாசல்லயே நின்னுச்சு. தலை சுத்தல் நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். நேரம் ஆச்சுதான், இல்லன்னு சொல்லல.

திரும்பி வந்தா டை கட்டின ஒருத்தர், இன்டர்வியூவுக்குப் போறவராம், குதிக்கறாரு. சொகுசா இறங்கிப் போயிட்டு வர்றியே, மேக்கப் போடவான்னாரு. என்ன கோளாறுன்னு இப்பவே சொல்லித்தான் ஆகணும்னாரு. சொல்லித்தான் ஆகணும்னு அவரேதான் கேட்டாரு, அதைப் புகார்ல எழுதியிருக்காரா பாருங்க. எழுத மாட்டாரு.

சரின்னு, பின் சீட்டு வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். எனக்கு பீரியட்ஸ் வந்துடுச்சு சார், ரொம்ப ஜாஸ்தியா வந்துடுச்சு, கண்ணு இருட்டுச்சு, உங்க எல்லாரையும் ஆத்துல தள்ள வேண்டாமேன்னு நிறுத்தினேன், இப்போ தெளிஞ்சுடுச்சு, கிளம்பலாமா?

அவ்வளவுதான் பேசினேன். அதுக்கப்புறம் பெல் அடிக்க ஆளில்ல மேடம். ஸ்டாப்பு மேல ஸ்டாப்பு தாண்டறேன், ஒருத்தர் வாயைத் திறந்து இறங்கணும்னு சொல்லல. அத்தனை பேரும் ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துட்டு வர்றாங்க, மழை வருமான்னு. டைக்காரர் இறங்க வேண்டிய எடமும் போயிடுச்சு. அந்தப் பழியும் என் தலையிலதான்.

நிறுத்தினதுக்கு விளக்கம் கேளுங்க, நியாயம். ஆனா பொது இடத்துல அநாகரிகமாப் பேசிட்டேன்னு வருத்தம் தெரிவிச்சு எழுதித் தரணுமாம். தர மாட்டேன். பஸ்ஸைப் பிடுங்கிட்டு ஒரு மூலையில உக்கார வச்சாலும் சரி. எனக்கு ஓட்டறதைத் தவிர வேற ஒண்ணும் பிடிக்காது, அது நெஜம். இருந்தாலும் தர மாட்டேன். வருத்தம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அந்தப் பாக்கெட்டை தானம் பண்ணதுல. அதை வேணா எழுதிக்கங்க.

அப்பாடா, ரெண்டு தம்பிங்களும் கிளம்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டு வர்றேன், இருங்க.

இப்போ எழுந்திருங்க மேடம். பரவாயில்ல, எழுந்திருங்க. நான் உள்ள வந்தப்போ அலமாரியில ஃபைல் எடுக்கத் திரும்பினீங்களே, அப்பவே பாத்துட்டேன், பின்னால நனைஞ்சிருந்தது. உக்காந்ததும் உங்க முகமும் மாறிடுச்சு. இல்லன்னா மெக்கானிக் பானெட்டைத் திறந்த கதையெல்லாம் எந்த ஆபீசர் உக்காந்து கேப்பாங்க?

இந்தாங்க, என் யூனிஃபார்ம் கோட்டு. இடுப்பைச் சுத்திக் கட்டிக்கங்க. வேண்டியது உள்பையில இருக்கு. மெதுவா, சுவத்தைப் பிடிச்சுக்கங்க. கேஸு வேற, இது வேற, நீங்க என்ன எழுதணுமோ அதையே எழுதுங்க. அந்த நாற்காலியை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போங்க, என்னுதை அங்க போட்டுடறேன். யாராவது கேட்டா டிரைவர் உக்காந்ததுன்னு சொல்லிடலாம். என் விஷயம்தான் ஒரு பஸ்ஸு ஜனத்துக்குத் தெரியுமே.