பணியாளர் திருப்தியுடன் சென்றார்

அவைக்கு அணிகலனாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, இந்தச் சலவை ஆலையின் பொது மேலாளர் என்னும் பொறுப்பைப் புன்னகை மாறாமல் சுமப்பவரே. மேடையை மேன்மைப்படுத்தும் பெரியோர்களே. பன்னிரண்டு வாரம் நாவைத் தீட்டி, நயத்தைக் கூட்டி, இன்று நற்சான்றிதழ் பெற வந்திருக்கும் இருபத்து நான்கு மேற்பார்வையாளர்களே. அழுக்கை அனுப்பியவர் யாரென்றே அறியாமல், ஆவியிலும் அனலிலும் நின்று அதை வெளுத்து அனுப்பும் தாய்மார்களே. அவர்களை அழைத்துப்போக வந்து, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தார்களே.

வணக்கம் என்ற சொல்லை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம், காரணம் இருக்கிறது.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்'. பொருத்தமான தலைப்புதான். அதற்குச் சாட்சி தேடி எங்கும் அலைய வேண்டாம், இதோ நிற்கிறேன். பேசிப் பிழைத்தவன் நான். பேசியே வீடு கட்டியவன், பேசியே பெயர் வாங்கியவன். பேசியே ஒரு பாவமும் செய்தவன். அந்த மூன்றாவதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அதற்கு இடமிருக்கிறது.

எனக்கு ஏழு வயதில் திக்குவாய். தண்ணீர் கேட்க வாயெடுத்தால், முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் பாதித் தாகம் தானாகவே அடங்கிவிடும். என் அக்கா இந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் என்னை ஏற்றி நிறுத்துவாள். எதிரே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். "பேசுடா. சபை நான்தான்" என்பாள்.

ஒரு வாக்கியம் திக்காமல் முடிந்தால் கைதட்டுவாள். திக்கினால் தட்டமாட்டாள். பாவம், சின்னப் பிள்ளை, போனால் போகட்டும் என்று ஒருநாளும் தட்டியதில்லை. எட்டு மாதம் பேசினேன் அந்த வாளிமேல். எத்தனையோ மண்டபங்களில் எத்தனையோ கைதட்டல் கேட்டுவிட்டேன். எனக்கென்று முதலில் தட்டிய கை, என் அக்காவின் கைதான்.

இங்கே அவளை 'அளவுகோல் அக்கா' என்பீர்கள். அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் அளவுகோலை வைத்தால் நூலிழைகூட விலகாது. மூன்றாம் உருளை அவளுடைய இடம். ஈரத்தோடு வரும் படுக்கை விரிப்பை, கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்த வேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் உருளை அந்த நொடியே நின்றுவிடும். அந்தக் கம்பிதான் அங்கே நிற்பவளுக்குக் காவல்.

மேற்பார்வையாளர்களே, உங்களில் புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று. அந்தக் காலத்தில் இந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் ஆணியில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். இயந்திரத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், அங்கே நிற்பவள் அந்தத் துணியை எடுத்து இயந்திரத்தின்மேல் போட்டுவிட்டு விலகி நிற்பாள். அவ்வளவுதான். ஏன் போட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது, மேலாளர் உட்பட. ஃபிட்டர் வந்து பார்த்து, பழுது நீக்கி, தன் கையால் துணியை எடுத்தால்தான் இயந்திரம் மறுபடி ஓடும். படிக்காதவள் போடலாம், பயந்தவள் போடலாம், வாயே திறக்கத் தெரியாதவளும் போடலாம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தலைவர் அவர்கள் என்னை அழைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். "சார், ஒரு வருஷத்துல நாப்பத்தொரு தடவை துணி போட்டிருக்காங்க. அதுல முப்பது தடவை போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்ல. வேலை நின்னு போகுது. வாயால சொல்லப் பழக்கிவிடுங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றார்கள்.

நாற்பத்தொன்றில் முப்பது போனால் மீதம் பதினொன்று. அந்தப் பதினோரு முறை ஏதோ பழுது இருந்திருக்கிறது. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தன் சொல்லழகில் மயங்கியவனுக்குக் கழித்தல் கணக்கு மறந்துபோகும்.

இதே கூடத்தில், இதே தாய்மார்கள் முன்னால், ஒரு மணி நேரம் பேசினேன். என்ன பேச்சு அது! "துணி ஊமை. நீங்கள் ஊமையா? துணிக்குத் துணிவில்லை. உங்களுக்கு இல்லையா? இதயம் இருக்க, இதழ் இருக்க, இந்தக் கந்தல் எதற்கு?" கூடம் அதிர்ந்தது. துணி வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கைகள் காடாய் எழுந்தன. ஒரே ஒரு கை மட்டும் எழவில்லை.

என் அக்கா எழுந்தாள். "துணியைப் பாத்தா மிஷின் நிக்கும். என்னைப் பாத்தா நிக்குமா?" என்று கேட்டாள்.

ஒரு கேள்விக்குப் பதில் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும்? சான்றிதழ் வாங்க வந்தவர்களே, ஏழாம் பாடம், உங்களுக்குத் தெரியும். கேள்வியைப் பாராட்ட வேண்டும். "அருமையான கேள்வி. என்னையே வாளிமேல் நிறுத்திக் கேள்வி கேட்டவள் இவள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். தம்பிக்குச் சபையில் தலைகுனிவு வரக் கூடாது என்று தூக்கினாள். அன்று மாலையே ஆணிகளிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

பிறகு மேற்பார்வையாளர்களுக்குப் பாடம் எடுத்தேன். குறை சொல்ல வருகிறவரின் கண்ணைப் பாருங்கள். அவர் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். 'இல்லை' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நன்றி சொல்லி அனுப்புங்கள். போனபின் படிவத்தில் எழுதுங்கள். இதில் எது தவறு? சொல்லுங்கள், எது தவறு? ஒன்றுமே தவறில்லை. தேனில் தோய்த்த திரி. எரியாது, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு மூன்றாம் உருளையின் கம்பி சிக்கத் தொடங்கியது. தொட்டால் அசையவில்லை. அக்கா மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் என் முதல் வகுப்பு மாணவர், தங்கமான மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேசியதை அக்கா எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"தம்பி, கம்பி சிக்குதுப்பா."

"கம்பி சிக்குதாக்கா?"

"ஆமா, நேத்துலேருந்து."

"நேத்துலேருந்து. புரியுதுக்கா. உங்க இடத்துல நான் இருந்தாலும் பயமாத்தான் இருக்கும். சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா."

அக்கா திரும்பி வந்துவிட்டாள். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மறுநாளும் போனாள். அதே கண், அதே கனிவு, அதே நன்றி. மூன்றாம் நாளும் போனாள். அந்த மூன்று நாளின் படிவங்களையும் நான் பார்த்தேன். மூன்றிலும் அழகான கையெழுத்தில் ஒரே வரி: 'பணியாளர் திருப்தியுடன் சென்றார்.'

மூன்று நாளும் ஃபிட்டருக்குச் செய்தி போகவே இல்லை. கேட்டது போதும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கேட்பதை அப்படிக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில் விரிப்பின் ஓரம் மடிந்துகொண்டது. அளவுகோல் அக்கா அல்லவா, மடிப்பைப் பொறுப்பாளா? நீவிவிடக் கை நீட்டினாள். கம்பி அசையவில்லை. பக்கத்து உருளையில் நின்றவள் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். அதற்குள் வலது கை மணிக்கட்டுவரை போய்விட்டது.

தாய்மார்களே, தலையைக் குனிய வேண்டாம். குனிய வேண்டியவன் நான். இன்னும் முடியவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் தலைவர் அவர்கள் என் தோளைத் தொட்டார்கள். கையில் ஒரு தாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. "நீங்க பேசினா உங்க அக்கா கேப்பாங்க சார்" என்றார்கள்.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? கிழித்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். சிறுவயதில் திக்கியதுபோல் அன்றைக்கு ஒருமுறை திக்கியிருந்தால்கூடப் போதும், அக்காவின் நியாயமாவது பிழைத்திருக்கும். நான் திக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தேன், கண்ணைப் பார்த்தேன், கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னேன். வழக்கு, வம்பு, வருடக்கணக்கு வேண்டாம் அக்கா என்றேன். ஆலையோடு நல்லுறவு முக்கியம் என்றேன். யாருக்கு முக்கியம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் இந்த ஆலையின் கிளைகளுக்கெல்லாம் நான் வகுப்பு எடுக்க ஒப்பந்தம் ஆகியிருந்தது.

அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். முதல் முறையாக இடது கையால் எழுதினாள். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லாப் பேசுற தம்பி. திக்கவே இல்ல" என்றாள்.

வாயுள்ள பிள்ளை பிழைத்தது, அன்பர்களே. கையுள்ள பிள்ளை என்ன ஆனது என்று எந்தப் பழமொழியும் கேட்கவில்லை.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். 'நேரமாகிறது' என்று எழுதியிருக்கிறது. உண்மைதான், ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஏன் இன்று வந்தேன்? பாவத்தைச் சொல்லிப் பாரத்தை இறக்கவா? அதற்கு வீட்டுச் சுவர் போதும். அந்த மூன்றாம் உருளையில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். போன வாரம் அக்காவைப் பார்க்க வந்தவள், போகும்போது மெதுவாகச் சொன்னாளாம்: "அக்கா, அந்தக் கம்பி மறுபடி சிக்குது. சொன்னேன். நல்லாத்தான் கேட்டுக்கிட்டாங்க." அவள் இந்தக் கூடத்தில் இருக்கிறாள். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கை அந்த உருளைக்கு முன்னால் இருக்கும்.

ஆகவே தலைவர் அவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை காலைக்குள் அந்தச் சிவப்புத் துணி தன் ஆணிக்குத் திரும்பி வர வேண்டும். சம்மதமா?

தலையாட்டுகிறீர்கள். ஐயா, அந்தத் தலையாட்டலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான். இரண்டாம் பாடம், 'ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொள்வதுபோல் தெரிவது எப்படி'. வாயால் சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்கு நான் சொல்கிறேன். "அப்புறம் உக்காந்து பேசிக்கலாம் சார்" என்கிறார் தலைவர்.

பேசிக்கொள்ளலாம். பேசிப் பேசித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்.

ஃபிட்டர் ஐயா, அந்தத் தூணோரம் நிற்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன். திங்கட்கிழமை மூன்றாம் உருளைமேல் ஒரு சிவப்புத் துணி கிடந்தால், நீங்கள் வந்து எடுக்கும்வரை அதை ஓட விடுவீர்களா?

"விடமாட்டேன்" என்கிறார். இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வகுப்புக்கும் வராத மனிதர்.

இன்று காலை அக்காவையும் கூட்டத்துக்கு அழைத்தேன். "நீ பேசுறதை நான் நிறையக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். புறப்படும்போது இந்தப் பையைக் கையில் கொடுத்தாள். "குடுத்துட்டு இறங்கிடு. விளக்கம் சொல்லாத" என்றாள். நான் அரை மணி நேரமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வியாதி என்னோடுதான் போகும்.

பையில் இருபத்தைந்து துண்டு சிவப்புத் துணி இருக்கிறது. மேற்பார்வையாளர்களே, சான்றிதழ் வாங்க ஒவ்வொருவராக மேடைக்கு வருவீர்கள். ஒவ்வொரு சான்றிதழோடும் ஒரு துணி தருவேன். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிட்டுப் போங்கள். துணியின் ஓரம் கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வெட்டியது அளவுகோல் அக்காதான். இடது கைக்குக் கத்தரிக்கோல் இன்னும் பழகவில்லை.

இருபத்தைந்தாவது துணி மூன்றாம் உருளைக்கு. அதை யாரும் அழைத்துக் கொடுக்கப்போவதில்லை. இதோ, மேசை ஓரத்தில் வைக்கிறேன். அதற்கு உரியவள் கூட்டம் கலையும்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அதோ, எழுந்துவிட்டாள். ஐந்தாம் வரிசையிலிருந்து வருகிறாள். வழிவிடுங்கள் தாய்மார்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். கைதட்ட வேண்டாம். அவள் ஒன்றும் பேச வரவில்லை.

எடுத்துக்கொண்டாள்.

என்னை அழைத்த தலைவருக்கு நன்றி. இனி அழைக்கமாட்டீர்கள், அதற்கும் சேர்த்து நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நன்றாகக் கேட்பது எப்படி என்று உங்களுக்குக் கற்பித்தவன் நான். யாரும் இங்கிருந்து திருப்தியுடன் போய்விடாதீர்கள்.

தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த ஒரு சொல் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல இரண்டு கை சேர வேண்டும். என் அக்காவால் இனி முடியாது. அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

வணக்கம்.