ராஜாவுக்கு மேலே தொங்கிய மைக்

கலைக்கு அழிவில்லை, கலைஞனுக்கு மரணமில்லை. மேடைக்கு மேடை இப்படி முழங்கியவர் ராஜபார்ட் குப்புராஜ். அவருக்கு ஒரு வரி வசனமும் மனப்பாடம் கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் சிநேகிதன் மோசஸுடைய மாமா ஆசீர்வாதத்துக்கு நடந்தது இது. அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். எளாவூர் பக்கம் ஒரு திருவிழா நாடகம். மாமாதான் மைக்செட்.

பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, பீடியும் வாயுமாக, வசனம் எடுத்துக்கொடுக்கும் கலியன் ஒவ்வொரு வரியாக முணுமுணுப்பார். காதில் விழுந்ததை ராஜா அப்படியே முழங்குவார். யோசிக்கிற வழக்கமில்லை. அந்த முணுமுணுப்பு மைக்கில் விழுந்தால் மானம் போய்விடும். அதனால் மாமா மைக்கைப் படுதாவுக்கு எட்டாமல், நடு மேடையில், கிரீடத்துக்கு நேர் மேலே தொங்கவிடுவார்.

அன்று கலியன் வரவில்லை. ரயில்வே கேட்டிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாகத்தான் வரவேண்டும்... பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இருக்காது.

"இன்னா ஆசீர்வாதம், கலியன் எங்கப்பா? மானம் பூடும்பா!"

"நீங்களே பேசுங்களேன் வாத்தியாரே. பத்து வருசமா இதே நாடகந்தானே?"

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

மேடையேறி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்போது... குழாய் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று ஓர் இரைச்சல். அடுத்து, கலியன் குரல். முதல் வசனம். ராஜாவுக்கு உயிர் வந்தது, முழங்கினார்.

மாமா பக்கப் படுதாவுக்கு ஓடினார். "மெல்ல சொல்லுண்ணா, ஊரே கேக்குது" என்று படுதாவைத் தூக்கினார்.

ஸ்டூல் காலி. பீடி நாற்றம். ஈர மண் வாசனை.

ஓடிப்போய் மைக் ஒயரைப் பிடுங்கினார். குழாயில் ராஜாவின் குரல் நின்றது. கலியன் குரல் நிற்கவில்லை.

"கேட்டாண்ட பள்ளத்துல கெடக்குறேன்... காலு ஒடிஞ்சிபூடுச்சி... யாராச்சும் வாங்க நைனா..."

ராஜா வாளை உயர்த்தினார். மைக் இல்லாமலே தொண்டை கிழிய முழங்கினார்: "கேட்டருகே பள்ளத்தில் கிடக்கிறேன்! கால் ஒடிந்துபோயிற்று! யாரேனும் வாருங்கள் நைனா!"

கைதட்டல் அடங்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மட்டும் லாந்தரோடு ஓடினார். பள்ளத்தில் கலியன் கிடந்தார். கால் ஒடிந்திருந்தது. உடம்பு கட்டையாக விறைத்திருந்தது... உயிர் எப்போதோ போயிருந்தது. உதட்டில் பீடி. அது மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

தோப்புக்கு அப்பாலிருந்து மறுபடி கைதட்டல் கேட்டது. ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறார்கள். ராஜா அதையே திரும்பச் சொன்னார், இரண்டாம் தடவை கொஞ்சம் இழுத்து.