சிவப்புக் குளிசை

கல்முனையில் காசநோய் மருந்துக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் கணவனிடம் கேட்டாள்:

“ஒரு கிழமையா உங்கட மூத்திரம் ஏன் சிவக்கல்ல?”

“மெதுவாக் கதை புள்ள, ஆக்கள் கேக்குது.”

“கேக்கட்டும். சிவப்புக் குளிசை குடிச்சா சிவக்கோணுமே, குடிக்காம எங்க எறிஞ்சீங்க?”

“ரத்தம் போற மாதிரிப் பயமாயிருந்திச்சி. கிருமியக் கொல்லுற மருந்து என்னையும் கொல்லாதா?”

மருந்து கொடுப்பவர் யன்னலால் தலையை நீட்டி, கணவனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“கிருமி உசிரோட இருக்க, தனக்குள்ள இருக்கிற கட்டளையப் பாத்துப் பாத்து எழுதோணும். இந்தக் குளிசை அந்த எழுதுற கையத்தான் பிடிக்கும். நம்மட உடம்புல எழுதுற கை வேற, அதத் தொடாது. இடையில விட்டா, பிறகு கிருமி இதுக்கு அடங்காது, காக்கா!”

“கேட்டீங்களா? நேத்திலருந்து சின்ன மகளும் இருமுறா” என்றாள் மனைவி.

கணவன் குளிசைக்காக யன்னலுக்குள் கையை நீட்டினார்.