பாதிப் பொருத்தம்

— அந்தப் பையை இருந்த இடத்துலயே வைங்க தம்பி. இன்னிக்கு யாரும் எங்கயும் போகலை.

— டாக்சிக்காரன் ஒத்துக்கிட்டான் அண்ணி. ரோட்டுல பனியை வழிச்சதும் கீழ வந்து நிக்கிறேன்னான். பொழுது சாயறதுக்குள்ள ஊர் போயிடலாம். அம்மாவை ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிடறேன்.

— டாக்டரம்மா சொன்னதெல்லாம் காத்துல போயிடுச்சா? மஜ்ஜை மாத்தின உடம்பு, பச்சைக்குழந்தை உடம்பு மாதிரின்னாங்கல்ல? சின்ன வயசுல போட்ட தடுப்பூசிகூட இப்ப உங்க உடம்புல இல்லையாம். டாக்சிக்காரன் ஒரு தடவை இருமினாப் போதும், ஆளையே தூக்கிடும்.

— ஆறு மாசமா இதே பாட்டுதான். அஸ்தானாவுக்கு வந்து என்னத்தைக் கண்டேன்? ஆஸ்பத்திரிச் சுவரு, அப்புறம் இந்த வாடகை வீட்டுச் சுவரு. சலிச்சுப் போச்சு அண்ணி.

— சலிப்பு வந்தா நல்லதுதான். முன்னாடி அதுக்குக்கூடத் தெம்பு இல்லாம கிடந்தீங்க. அதை விடுங்க, கையை நீட்டுங்க, தைலம் தடவணும். தடிப்பு முழங்கை வரைக்கும் ஏறியிருக்கே.

— உங்க மஜ்ஜை செய்யற வேலை. உள்ள போயும் என் உடம்போட ஒத்துப் போக மாட்டேங்குது. புகுந்த வீட்டுல கோவிச்சுக்கிட்டு மூலையில உக்காந்த மருமக மாதிரி.

— நான் ஒரு நாளும் மூலையில உக்காந்ததில்லை தம்பி. உக்கார விட்டாத்தானே.

— சும்மா சொன்னேன். முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க.

— என்னவோ போங்க. கஞ்சி ஆறுது, ரெண்டு வாயாவது குடிங்க.

— ஒரு கிண்ணம் குமிஸ் குடுங்க, மொத்தக் கஞ்சியையும் குடிச்சுடறேன்.

— புளிச்ச குதிரைப் பாலா? அதைக் குடுத்தேன்னு தெரிஞ்சா டாக்டரம்மா என்னை ஜன்னல் வழியா வீசிடுவாங்க.

— சரி, குமிஸ் வேணாம். போனைப் போட்டுக் குடுங்க. அம்மா குரலைக் கேட்டுட்டா நானே பையை அவுத்துடறேன்.

— பனிப்புயல் அடிச்சதுல ஊர்ல டவர் விழுந்துடுச்சாம்.

— முந்தாநாள் சார்ஜ் இல்லைன்னீங்க. அதுக்கு முன்னாடி தொண்டை கட்டியிருக்குன்னீங்க.

— வயசானவங்களுக்குத் தொண்டை கட்டாதா?

— கட்டும். அண்ணனுக்குமா கட்டிடுச்சு? மாட்டைப் பாத்துட்டு வரேன்னு அவசர அவசரமாக் கிளம்பினாரு. இத்தனை நாளாவா மாட்டைப் பாக்கறாரு? இருக்கறதே ரெண்டு மாடு.

— அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? போனா போன இடம்.

— அது என்ன வாசனை? எண்ணெய்ச் சட்டி வச்சீங்களா? செத்தவங்க பேரைச் சொல்லி ரொட்டி சுட இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே.

— சும்மா ரொட்டி சுட்டேன். வாய்க்கு எதுவும் பிடிக்கலை.

— நீங்க ஒன்னுகூடச் சாப்பிடலை. ஏழு ரொட்டியையும் அடுக்கித் துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க. எட்டிப் பாத்தேன்.

— மாமா கனவுல வந்தாங்க தம்பி. போய்ச் சேந்தவங்க கனவுல வந்தா எண்ணெய் வாசனை காட்டணும்ல? அதான்.

— அப்பா என் கனவுல ஒரு நாளும் வர்றதில்லை. உங்க கனவுக்கு மட்டும் வழி தெரியுதாக்கும்.

— உயிரோட இருக்கறப்பவே மருமககிட்டத்தானே தேத்தண்ணி கேப்பாங்க. கனவுலயும் அதையேதான் கேட்டாங்க. பால் பத்தலைன்னு குறை வேற.

— அப்பாவேதான். அண்ணி, நேத்து ரத்தம் எடுக்க வந்த லரிசா நர்ஸ் ஒன்னு கேட்டாங்க.

— என்னவாம்?

— 'அண்ணியோட மஜ்ஜை உனக்கு எப்படிப்பா பாதி பொருந்துச்சு? அவங்க வேற ரத்தமாச்சே'ன்னாங்க. எங்க ஊர்ல மூத்த மகனோட தலைப்பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் தங்களோட பிள்ளையா எடுத்து வளப்பாங்க, அவங்கதான் எனக்கு அப்பா அம்மா, பெத்தவங்க அண்ணனும் அண்ணியும்னு சொன்னேன். பிடிச்ச ஊசியோட அப்படியே நின்னுட்டாங்க.

— அவங்களுக்கு இது எங்க புரியப் போகுது.

— டாக்டருக்கே புரியலையே. கூடப்பிறந்தவங்க இருந்தாக் கூட்டிட்டு வான்னாங்க. நான் பாட்டுக்கு அண்ணன்களையெல்லாம் வரிசையா நிறுத்தினேன். பெரியண்ணனை, அதான் உங்க வீட்டுக்காரரை, ஈரல் கெட்டிருக்குன்னு வாசலோட திருப்பிட்டாங்க. மத்தவங்களோடது ஒன்னும் சேரலை. சித்தப்பன்மாரோடது எப்படிச் சேரும்? நான் காய்ச்சல்ல வெந்துட்டுக் கிடந்தேன். நீங்க சூப்புத் தூக்கோட வராந்தாவுலயே நின்னுட்டிருந்தீங்க. ஒருத்தருக்காவது தோணுச்சா?

— எனக்குத் தோணுச்சு தம்பி. முதல் நாளே தோணுச்சு.

— அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?

— பக்கத்துல அத்தை நின்னாங்களே. உங்களை அவங்க மடியில வச்ச அன்னிக்கே, என் பிள்ளைங்கற சொல்லையும் சேத்துக் குடுத்தாச்சு. மாமியாரை வச்சுக்கிட்டு அதை எப்படித் திருப்பிக் கேக்கறது?

— நான் செத்துப் போயிருந்தா?

— அப்படிப் பேசாதீங்க. அந்தப் பயம் வந்தப்புறம்தான் ஓடினேன். டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, நான்தாம்மா பெத்தவ, என்கிட்ட எடுங்கன்னேன். 'இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன'ன்னு கத்தினாங்க. கத்தட்டும். அத்தைதான் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டாங்க.

— அம்மா ஒன்னும் சொல்லலையா?

— சாயங்காலம் சொன்னாங்க. 'எலும்புல இருக்கறதை எவ்வளவு வேணாக் குடு. அவனை மட்டும் என்கிட்டேருந்து கேக்காதே'ன்னாங்க. சரி அத்தைன்னேன்.

— எனக்கப்புறம் உங்களுக்கு வயித்துல எதுவுமே தங்கலையே அண்ணி. கோவமே வரலையா?

— வராம இருக்குமா? உங்க அழுகை கேட்டா எனக்கு மார் கட்டிக்கும். அத்தை ஆட்டுப்பாலைக் காய்ச்சி உங்களுக்குப் புகட்டுவாங்க. நான் மாவு பிசையற சாக்குல அடுப்படியிலயே நின்னுட்டிருப்பேன். ஆனா குறை சொன்னா வாய் வெந்துடும் தம்பி. உங்களை அவங்க தரையில விட்டதில்லை. அந்த மாதிரி என்னாலகூட வளத்திருக்க முடியாது.

— அதான் சொல்றேன். அந்தக் கையால ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டா இந்தத் தடிப்பெல்லாம் தானா அடங்கிடும். கீழ ஹாரன் அடிக்கிறான் பாருங்க. வழி விடுங்க.

— விட மாட்டேன்.

— அண்ணி.

— விட மாட்டேன். அங்க வீடு நிறைய சனம். ஆளாளுக்குக் கட்டிப் பிடிப்பாங்க, கன்னத்தோட கன்னம் வச்சு அழுவாங்க. உங்க உடம்பு அதையெல்லாம் தாங்குமா?

— எதுக்கு அழுவாங்க?

— இல்லை... இத்தனை மாசம் கழிச்சுப் பாக்கறாங்கல்ல.

— என்னைப் பாத்துச் சொல்லுங்க. கண்ணு ஏன் இப்படி வீங்கியிருக்கு?

— எண்ணெய்ப் புகை.

— அண்ணன் எதுக்கு ஊருக்குப் போனாரு?

— மாட்டை...

— மாட்டை விடுங்க. இதோ பாருங்க, டாக்டர் சொன்னாலும் நிக்க மாட்டேன், அண்ணன் சொன்னாலும் நிக்க மாட்டேன், நீங்க சொன்னாலும் நிக்க மாட்டேன். போகாதடான்னு அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், பையைக் கீழ வச்சுட்டுப் பேசாம படுத்துக்கறேன்.

— அப்படின்னா அம்மா சொல்றேன், போகாதடா. இனிமே உனக்கு அம்மான்னு நான் ஒருத்திதான் இருக்கேன்.